கறுப்புக் கடதாசியில் மகாலிங்கத்தின் பெயர்

எழுத்தை உடைத்து, வளைத்து, நீட்டிப் புதுசு பண்ணுவது பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வேலைகளையெல்லாம் நேற்று உட்கார்ந்து பார்த்தேன். சில எழுத்துகள் தலைகீழாக நிற்கின்றன, சில பாதியில் கரைந்து போகின்றன. நன்றாகத்தான் இருக்கின்றன. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் எப்படிச் செய்வது என்று சொல்லித்தர நான் எதற்கு? உங்கள் கம்ப்யூட்டரே போதும். நான் முதன்முதலில் செய்த புதுமையான எழுத்து வேலை ஒரு வீட்டுக்குள் போய் என்ன செய்தது என்பதை மட்டும் சொல்கிறேன். கைதட்டுவதற்கு இதில் ஒன்றுமில்லை, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். கிளிநொச்சியில் புகையிரத நிலையத்துக்குப் போகிற தெருவில் ஒரு சின்ன அச்சகம். முதலாளியும் நானும் மட்டும்தான். காலால் மிதித்து ஓட்டுகிற ஒரு மெசின், ஈய எழுத்துப் பெட்டிகள், பெரிய தலைப்புகளுக்கு மர எழுத்துகள். எங்களை வாழவைத்தவர்கள் இறந்துபோனவர்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அவர் பெயரில் ஒரு சின்னப் புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று அதற்குப் பெயர். முன்பக்கத்தில் முட்டை வடிவத்தில் இறந்தவரின் படம், கீழே பெயர், சுற்றிவரக் கறுப்புக் கரை, உள்ளே புலம்பல் பாட்டுகள். எத்தனை கல்வெட்டுக்கு எழுத்துக் கோத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கறுப்பு என்றால் எங்கள் சனத்துக்கு என்ன என்று வேறு எவனுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது, உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் கண் இருக்கிறது என்கிற நினைப்பு. அந்தக் காலத்து நாடக நோட்டீஸ்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரோஸ் கடதாசியில் வரிக்கு ஒரு எழுத்து, பெட்டியில் இருக்கிற பூவும் மயிலும் எல்லாம் ஒரே பக்கத்தில். எனக்கு ஒரு நல்ல நோட்டீஸ் செய்ய வேண்டும், ஒரே ஒரு தடவையாவது. அந்தச் சமயத்தில்தான் உருத்திரபுரத்து இளைஞர்கள் தங்கள் நாடகத்துக்கு நோட்டீஸ் அடிக்க வந்தார்கள். கதாநாயகன் மகாலிங்கம். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், வயல்காரன், முப்பது வயது இருக்கும். மேடையில் ஏறினால் கடைசி வரிசைக்கும் குரல் கேட்கும். அவன் பெயரைப் பெரிதாகப் போட்டால் போதும், சனம் வண்டில் கட்டிக்கொண்டு வரும் என்றார்கள். எப்படி வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். இந்த ஒரு வசனத்தை யார் உங்களிடம் சொன்னாலும் கொஞ்சம் பயப்படுங்கள்.

முதலாளி ஒரு கலியாணத்துக்காக மூன்று நாள் ஊருக்குப் போயிருந்தார். நான் ஒரு பழைய லினோலியத் தரைவிரிப்பை வெட்டி எடுத்து, அதில் மகாலிங்கம் என்ற பெயரைக் கத்தியால் செதுக்கினேன். சுழிகளையெல்லாம் நேர்கோடாக்கினேன். ஒவ்வோர் எழுத்தும் அடுத்ததன் தோளில் சாய்ந்து நிற்கும். கடைசி எழுத்து கடதாசியின் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விடும். கடதாசி முழுக்கக் கன்னங்கரிய கறுப்பு, எழுத்து மட்டும் வெள்ளை. நாடகத்தின் பெயரும் இடமும் நேரமும் அடியில் மிகச் சின்னதாக, ஒரே வரியில். பெரியதைப் பெரிதாகவும் சின்னதைச் சின்னதாகவும் வைக்கத் துணிவு வேண்டும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மேலே மகாலிங்கத்தின் படம். படத்துக்கான அச்சுக் கட்டை யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது, செய்தவன் கல்வெட்டுக்கு என்று நினைத்து முட்டை வடிவத்தில் வெட்டி அனுப்பியிருந்தான். என் கூரான எழுத்துகளுக்கு மேலே அந்த வளைவு நன்றாகப் பொருந்துகிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன். இப்போது அதை நினைத்தால் எனக்கு நானே கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

அடித்து முடித்துக் கட்டுக்கட்டாக அனுப்பினேன். முதல்நாள் பின்னேரமே ஒரு கட்டு உருத்திரபுரத்துக்கு, ஒன்று பரந்தனுக்கு. மூன்றாவது கட்டை யாரும் கேட்கவில்லை. முல்லைத்தீவுப் பக்கமும் என் வேலையைப் பார்க்கட்டும் என்று நானாகத்தான் மறுநாள் காலை ஆறரை பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்தேன். தண்ணீரூற்றுச் சந்தியில் மீரான் காக்கா என்ற முஸ்லிம் வியாபாரியின் கடையில் இறக்கச் சொல்லி, வழியில் ஒட்டுவதற்கும் கொஞ்சம் தனியாகக் கொடுத்தேன்.

எட்டு மணிக்கு முதலாளி வந்தார். காய்வதற்காகக் கொடியில் போட்டிருந்த தாள்களைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். தோளில் இருந்த சால்வையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எப்ப நடந்தது?" என்றார் மெல்லிய குரலில்.

"எது?"

"மகாலிங்கம். நல்லாத்தானே திரிஞ்சவன். பாம்போ?"

நான் சிரித்தேன். "அது நாடக நோட்டீஸ், முதலாளி. கீழ வாசியுங்கோ."

அவர் கிட்டப் போய்க் கீழே வாசித்தார். வாசித்த பிறகும் அவர் முகம் மாறவில்லை. "நான் இருவது வருசமா அச்சடிக்கிறவன். எனக்கே கிட்டப் போய்க் குனிஞ்சால்தான் தெரியுது. இதை எங்க எங்க அனுப்பினனீர்?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் மகாலிங்கமே சைக்கிளில் வந்து இறங்கினான். அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தம்பி, என்ன வேலை பார்த்து வைச்சிருக்கிறீர்? சங்கக்கடையடியில ஒரு மனுசி என்னைக் கண்டிட்டு அரிசியைப் போட்டிட்டு ஓடுறா! உருத்திரபுரத்தில என்ர வீட்டு வாசல்ல பத்துப் பேர் வந்து நிக்கினம்." சிரித்துக்கொண்டே கொடியில் இருந்த ஒரு தாளை எடுத்துப் பார்த்தான். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு அடங்கியது.

"தம்பி, தண்ணீரூற்றுக்கும் அனுப்பினனீரோ?"

"ஓம் அண்ணை. காலமை பஸ்ஸில."

அவன் அப்படியே கதிரையில் உட்கார்ந்தான். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. முதலாளிதான் சொன்னார். அவனுடைய மனைவி பூமணி பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள். அந்த வீடு தண்ணீரூற்றில். இது ஒன்பதாம் மாதம். முன்னம் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை.

"தந்தி அடிப்பம்! மகாலிங்கம் சுகம் எண்டு அவாவின்ர வீட்டுக்கு இப்பவே அடிப்பம்" என்று எழுந்தேன்.

முதலாளி என் கையைப் பிடித்தார். "விசரே உமக்கு? தந்திக்காரன் படலையில நிண்டு மணி அடிக்க, அவள் அதைப் பிரிச்சு வாசிச்சுப் பார்ப்பாளெண்டு நினைக்கிறீரோ? எங்கட சனத்துக்குத் தந்தி வந்தால் அதுக்கு ஒரு அர்த்தம்தான். நோட்டீஸை அவள் காண முதல், அது செய்யிறதை உம்மட தந்தி செய்துபோடும்."

அவசரத்தில் நம்முடைய தலைக்குள் முதலில் வருகிற யோசனை, நாம் ஏற்கெனவே செய்த பிழையின் தம்பியாகத்தான் இருக்கும். நான் எழுத்தை நம்பிக் கடதாசியை மறந்தவன். தந்தியிலும் அதையே செய்யப் போனேன். முதலாளி வேறு வழி சொன்னார். மீரான் காக்கா நெல் வியாபாரி, அவருக்குக் கிழமைக்கு இரண்டு தந்தி வரும், அவர் பயப்பட மாட்டார். நோட்டீஸ் கட்டைப் பிரிக்க வேண்டாம், மகாலிங்கம் சுகம், நேரில் வருகிறார் என்று அவருடைய கடைக்குத் தந்தி. அதோடு மகாலிங்கம் உடனே புறப்பட வேண்டும். "ஆளைக் கண்டால்தான் நம்புவினம். நீரும் போம்" என்று என்னையும் தள்ளிவிட்டார்.

முல்லைத்தீவுக்குக் கருவாடு ஏற்றப் போகிற வெறும் லொறி ஒன்று கிடைத்தது. நாங்கள் பின்னால் ஏறினோம். மாங்குளம் வரைக்கும் மகாலிங்கம் பக்கப் பலகையைப் பிடித்தபடி நின்றே வந்தான். மாங்குளத்தில் திரும்பிக் காட்டுக்குள் போகிற தெருவில் டயர் வெடித்தது. சாரதி சாவகாசமாக ஒரு சுருட்டைப் பற்றவைத்த பிறகுதான் ஜாக்கியை எடுத்தார். மகாலிங்கம் அவரைத் தள்ளிவிட்டுத் தானே படுத்து ஆணிகளைக் கழற்றினான். என்னை ஏசியிருந்தால், ஒரு அடி அடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

டயர் மாட்டிப் புறப்பட்டதும் எருமைப் பட்டி ஒன்று தெருவை மறித்துக்கொண்டு கடந்தது. கடைசி எருமை நடுத்தெருவில் நின்று எங்களைப் பார்த்தது. நான் லொறியில் இருந்தபடியே அதைப் பார்த்துக் கத்தினேன்.

ஒட்டுசுட்டானில் சந்தி மரத்தில் என் நோட்டீஸ். தூரத்திலேயே தெரிந்தது. அவ்வளவு தூரத்தில் தெரிகிற எந்த எழுத்தையும் நான் அதற்கு முன் செய்ததில்லை, அதற்குப் பிறகும் செய்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். கீழே மூன்று நான்கு பேர் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஒருவரும் குனியவில்லை, ஒருவருடைய கண்ணும் அடிவரிக்குப் போகவில்லை. லொறி மெதுவானதும் நான் குதித்து ஓடி அதைக் கிழிக்கத் தொடங்கினேன். பசை காய்ந்திருந்தது, துண்டு துண்டாகத்தான் வந்தது.

"உம்மட எழுத்தைப் பிறகு கிழியும்!" என்று மகாலிங்கம் லொறியில் இருந்து குரலெடுத்தான். "அங்க ஒருத்தி இருக்கிறாள். ஏறும்!"

அவன் சொன்னது சரி. எனக்கு என் பிழையை அழிப்பதுதான் அந்த நேரத்தில் பெரிதாக இருந்தது. நீங்களும் ஒரு நாள் பிழை விடுவீர்கள். பிழையை மறைப்பதற்கு ஓடுகிறீர்களா, அதனால் அடிபடப் போகிறவரிடம் ஓடுகிறீர்களா என்று அந்த நிமிடத்தில் ஒரு தடவை பாருங்கள்.

தண்ணீரூற்றுச் சந்திக்கு வந்தபோது உச்சிப் பொழுது. மீரான் காக்காவின் கடை பலகை போட்டு அடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை நேரம் தவிர அந்தக் கடை பகலில் பூட்டியதை யாரும் கண்டதில்லை. அடைத்த பலகையின் மேல் என் நோட்டீஸை அவரே ஒட்டியிருந்தார். பலகைக்கு அடியில் செருகிய தந்தி பிரிக்காமல் கிடந்தது. பக்கத்துத் தேநீர்க்கடைக்காரரிடம், காக்கா எங்கே என்று கேட்டேன்.

"செத்தவீட்டுக்குப் போயிட்டார்" என்றார் அவர். பிறகு எனக்குப் பின்னால் நின்றவனைக் கண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

ஓடினோம். வீட்டுக்குப் போகிற ஒழுங்கை முழுக்க ஆட்கள். மகாலிங்கத்தைக் கண்டதும் பெண்கள் கத்தினார்கள், சிலர் ஓடினார்கள், ஒருத்தி அவன் காலைத் தொட்டுப் பார்த்தாள். மீரான் காக்கா வாசல் படலையில் நின்றார். அவர் மகாலிங்கத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குழந்தை போல அழுதார்.

"நான்தான் தம்பி கொண்டுவந்து குடுத்தனான். படத்தைக் கண்டனான், உங்கட பேரைக் கண்டனான். அதுக்குக் கீழ பார்க்க எனக்கு மனம் வரேல்லை" என்றார். காக்கா நன்றாக வாசிக்கத் தெரிந்தவர். கணக்குப்பிள்ளை வைக்காமல் தானே எல்லாம் எழுதுகிறவர்.

உள்ளே பூமணிக்குப் பிள்ளைப்பேற்று நோ தொடங்கிவிட்டது. நாள் வர முன்னமே தொடங்கிவிட்டது. மண்சுவர் வைத்த ஒரு அறைக்குள் மருத்துவிச்சியும் இரண்டு பெண்களும். ஆம்பிளைகள் உள்ளே போகக் கூடாது. மகாலிங்கம் சுவருக்கு வெளியே நின்று, மேடையில் கேட்கிற அதே குரலில், "பூமணி, நான் வந்திட்டன், எனக்கு ஒண்டுமில்லை" என்று கூப்பிட்டான். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. திரும்பவும் கூப்பிட்டான். மருத்துவிச்சி கதவைக் கொஞ்சம் திறந்து வெளியே வந்தார். முகமெல்லாம் வேர்வை.

"பூமணி முக்கிறாளில்லை. மரக்கட்டை மாதிரிக் கிடக்கிறாள். நீங்கள் வந்திருக்கிறியள் எண்டு சொல்லியாச்சு. பிள்ளை பிறக்கவேணும் எண்டு எல்லாரும் பொய் சொல்லுறியள், ஆரோ அவரைப் போலக் கதைக்கினம் எண்டுறாள். இப்பிடியே கிடந்தால் ரெண்டு உயிரும்..."

மகாலிங்கம் சுவரைப் பார்த்தான். சுவரின் மேல் விளிம்புக்கும் கிடுகுக் கூரைக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. முற்றத்தில் கிடந்த உரலைக் காட்டி, "பிடியும்" என்றான். நானும் காக்காவும் உருட்டிவந்து சுவரோடு கவிழ்த்தோம். அவன் ஏறி நின்று, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, வலது கையைத் தோள்வரைக்கும் அந்த இடைவெளிக்குள் விட்டான். சுவரோடு கன்னம் ஒட்டியிருந்தது. "அவளைத் தூக்கிப் பிடியுங்கோ, கையைப் பார்க்கச் சொல்லுங்கோ" என்றான்.

அவனுடைய சுட்டுவிரலின் நுனி நெல் அரிவு வெட்டும்போது அரிவாள் பட்டுத் துண்டாகிப் போனது. அதை நான் அன்றுதான் கவனித்தேன். உரல் ஆடாமல் நான் குந்தியிருந்து பிடித்துக்கொண்டேன். உள்ளே பெண்கள் அவளை நிமிர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு நீண்ட நேரம் ஒன்றும் கேட்கவில்லை. திடீரென்று மகாலிங்கத்தின் உடம்பு சுவரோடு இழுபட்டது. அவன் கண்ணை இறுக மூடினான்.

"பிடிச்சிட்டாள்" என்றான்.

அதற்குப் பிறகுதான் அவள் கத்தினாள். ஒரு பெண் கத்துவதைக் கேட்டு ஒரு முற்றம் முழுக்கச் சந்தோஷப்பட்டதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும். அவன் அந்தக் கையை எடுக்கவேயில்லை. சுவரின் விளிம்பு அவன் கக்கத்தை அறுத்து ரத்தம் விலாவில் வழிந்தது. நான் துடைக்கப் போனேன், தலையை ஆட்டி வேண்டாம் என்றான். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டதும் காக்கா முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பெண் பிள்ளை. இரண்டு உயிரும் பிழைத்துவிட்டன.

எல்லாரும் மகாலிங்கத்தைச் சுற்றி நின்றபோது நான் கிணற்றடிக்குப் போனேன். அங்கே பூமணியின் தாய் அன்னப்பிள்ளை தனியாக நின்றா. மகளும் பேத்தியும் நல்லாயிருக்க, இவா ஏன் இங்கே நிற்கிறா என்று எனக்கு விளங்கவில்லை. கையில் கசங்கிப்போன என்னுடைய நோட்டீஸ். வலது கைப் பெருவிரலை அதில் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தா. அந்த விரலில் குங்குமம் ஒட்டியிருந்தது.

முற்றத்தில் நின்றவர்கள் பிறகு எனக்குச் சொன்னார்கள்: செய்தி வந்தவுடனே, மகள் கதறிக்கொண்டு ஓடிவந்தபோது, அவா தன் கையாலேயே மகளின் நெற்றிப் பொட்டைத் துடைத்துவிட்டிருந்தா. அதற்குப் பிறகுதான் பூமணி ஒரு சொல்லும் பேசாமல் போனது, அதோடு நோவும் தொடங்கியது.

நான் அவாவின் முன்னால் போய் நின்றேன். "அம்மா, இதை அடிச்சது நான்தான்" என்றேன். அவா ஏசவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தா. பிறகு அந்தக் கடதாசியை விரித்து என் கையில் தந்தா.

"எனக்கு வாசிக்கத் தெரியாது தம்பி. இதில மருமோன் செத்துப்போனார் எண்டு எங்க எழுதிக் கிடக்கு, காட்டும்."

"எங்கையும் இல்லை அம்மா."

"நல்லாப் பாரும்."

நான் பார்த்தேன். நான் செதுக்கிய ஒவ்வோர் எழுத்தையும் பார்த்தேன். "இல்லை அம்மா. அப்பிடி ஒரு சொல்லும் இல்லை."

அவா தன் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"அப்ப நான் ஏன் துடைச்சனான்?" என்று கேட்டா.